தாத்தா பாவத்துக்குப் பேரன் காதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முன்னோர் செய்த பாவம் பிள்ளைகள் மேல் சாபமாக வரும் என்று சென்ற வாரம் வந்த ‘தலைமுறைச் சாபம்’ கட்டுரையைப் படித்ததும், எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) போன மாதம் நடந்த உபவாச ஜெபம்தான் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரே மகன், ஆறு வயது, பிறவியிலேயே காது கேட்காது. ஜெபம் நடத்த வந்திருந்த ஊழியக்காரர் அவன் தலையில் கை வைத்து, “இது தாத்தா செய்த பாவம்மா, மூன்று நான்கு தலைமுறைக்கு விடாது” என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பையன் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பைபிளில் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில், தகப்பன் பாவம் மூன்று நான்கு தலைமுறை வரை என்கிற அந்த வசனம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த வசனத்திலேயே ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்று வருகிறதே, அதை ஏனோ ஜெபக்கூட்டத்தில் யாரும் எடுப்பதில்லை.

ஒருவர் பாவம் அடுத்தவர் தலையில் விடியும் என்பது எனக்கும் தெரியும். நான் தாராவியில் வளர்ந்தவள். அப்பா குடிப்பார். அம்மா விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிப்பாள், தூக்கைச் சுமந்துகொண்டு சயான் ஸ்டேஷன் வரை நடப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. குடித்தது அவர், நின்றது என் பள்ளிக்கூடம். பைபிளின் யோசுவா புத்தகத்தில் ஆகான் என்பவன், எடுக்கக்கூடாது என்று கர்த்தர் சொன்ன கொள்ளையில் ஒரு பாபிலோனிய சால்வையையும் கொஞ்சம் பொன் வெள்ளியையும் ஒளித்துவைக்கிறான், அதனால் ஆயி ஊர்ச் சண்டையில் 36 பேர் சாகிறார்கள். அவர்கள் கண்ணில் அந்தச் சால்வை பட்டுக்கூட இருக்காது. ஆகானோடு அவன் பிள்ளைகளையும் தண்டிக்க ஆகோர் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார்களே, அது இன்றுவரை எனக்குத் தொண்டையில் நிற்கிறது. அதற்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆனால் அப்பா குடியால் நான் பட்டது வேறு, அதற்காகக் கடவுள் என்னிடம் கணக்குக் கேட்பார் என்பது வேறு. யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போயிருந்த காலத்தில், அப்பன் திராட்சக்காய் தின்றான், பிள்ளைக்குப் பல் கூசுகிறது என்று ஜனங்கள் புலம்பினார்கள். இனி அந்தப் பழமொழியே கூடாது என்று எசேக்கியேல் 18-இல் கர்த்தர் சொல்கிறார்: “குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை.” யோவான் 9-இல் பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்கிறார் இயேசு. சொல்லிவிட்டு, கண்ணில் சேறு பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொன்னார். அவனுடைய தாத்தா யார் என்று விசாரிக்கவில்லை.

கட்டுரையாளர் இந்த இரண்டு இடத்தையும் தொடவே இல்லை. அதுதான் என் வருத்தம்.

ஊழியக்காரர் போகும்போது சாப விடுதலைக்கென்று ஒரு காணிக்கைக் கவர் கொடுத்துவிட்டுப் போனார். அது அவள் வீட்டு அரிசி டப்பா மேல் இருக்கிறது. மகனுக்குக் காதுக் கருவி வாங்கச் சேர்த்த பணத்தில் கொஞ்சம் எடுத்துப் போடட்டுமா என்று நேற்றுகூட என்னிடம் கேட்டாள். நான் சொன்னால் அரைமனதாகத்தான் கேட்கிறாள். உங்கள் இதழ் அவள் வீட்டுக்கும் வருகிறது.

ஒரு வாசகி,
தாராவி, மும்பை