கல்லறைத் தோட்டத்துப் பெயர்களைத் தேட உதவிய உங்களுக்கு நன்றி

அன்புள்ள பங்கு மக்களே, வெளியூர்களில் இருக்கும் நம் உறவுகளே,

பர்கூர் பக்கத்து நம் கோயில் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறவர்களின் குடும்ப வரலாறுகளைத் தேடும் வேலை ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. பழைய கற்களில் பெயரும் தேதியும் மட்டும்தான் இருக்கும். பாதிப் பேருக்குக் கல்லே கிடையாது. அவர்களுக்கெல்லாம் வீடு வாசல் உண்டு, பிள்ளை குட்டி உண்டு என்று எடுத்துச் சொன்னவர்கள் நீங்கள்தான்.

பழைய அடக்கப் பதிவேடுகளை எங்களை நம்பி எடுத்துக் கொடுத்த பங்குத்தந்தைக்கு முதல் நன்றி. 1997-ல் தர்மபுரி மறைமாவட்டம் உருவாகும் வரை நாம் சேலம் மறைமாவட்டத்தில் இருந்தோம். சேலம் மறைமாவட்டமே 1930-ல் வந்ததுதான். அதனால் எந்தக் காகிதம் எந்த ஊரில் இருக்கும் என்று தெரிந்தவர் துணை இல்லாமல் இந்தத் தேடலில் இறங்கவே முடியாது. லத்தீனில் இருந்த பதிவுகளை வரி வரியாக வாசித்துச் சொன்ன மடத்து மூத்த சகோதரிக்கும் நன்றி. 1918-ன் கடைசி மாதங்களில், நாடு முழுக்க விஷக்காய்ச்சல் பரவிய நேரத்தில், ஒரே வீட்டார் அடுத்தடுத்த வரிகளில் வருகிறார்கள். அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது அவர் குரல் கம்மிவிட்டது.

இளைஞர் குழுத் தம்பி தங்கைகள் தேய்ந்த கற்களைச் சுரண்டவில்லை, கம்பி பிரஷ் போடவில்லை, மாவு பூசவும் இல்லை. பொழுது சாய்ந்த பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார்கள். நேராக அடித்தால் வெறும் கல்தான். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் பள்ளத்தில் நிழல் தங்கி, முதலில் ஒரு 'ம்மாள்', அப்புறம் முழுப் பெயர் என்று எழுந்து வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'னை', 'றா' எல்லாம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. தமிழ் எண்களில் வெட்டிய ஆண்டுகளும் அப்படித்தான். கூடவே நின்று படித்துக் காட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஆனால் பெரிய நன்றி பாட்டிமார்களுக்கும் அத்தைமார்களுக்கும்தான். பதிவேட்டில் 'இன்னாரின் மனைவி' என்று முடிந்துபோன பெண்களுக்குச் சொந்தப் பெயரைத் திருப்பித் தந்தவர்கள் அவர்கள். தந்தை வழியில் மட்டும் தேடியிருந்தால் பல குடும்பங்கள் இரண்டு தலைமுறையில் அறுந்திருக்கும். கட்டிக்கொடுத்த ஊர், சீர் வந்த ஊர், கருமாதிக்கு யார் வந்தார்கள் என்று அவர்கள் சொன்ன வழியே போனபோது நூல் நீண்டுகொண்டே போனது. தாது வருஷப் பஞ்சத்தில் பிழைக்க வந்த வீடு எது என்பதுகூட ஒரு பாட்டியின் வாயிலிருந்துதான் கிடைத்தது. 1876-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தைப் பற்றி அவர் தன் பாட்டியிடம் கேட்டிருக்கிறார்!

கோலார் தங்கவயலில் இருக்கும் உறவுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் அங்கே சுரங்க வேலைக்குப் போனார்கள். கல்தூசி நுரையீரலில் ஏறி, இருமலோடு ஊர் திரும்பிக் கண்ணை மூடியவர்கள் நம் தோட்டத்தில் இருக்கிறார்கள். 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு அங்கிருந்த பிள்ளைகள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் சிதறிவிட்டார்கள். ஆனாலும் தகரப் பெட்டியில் வைத்திருந்த சம்பளச் சீட்டு, கல்யாணப் போட்டோ, கடிதம் என்று தேடி எடுத்து அனுப்பினீர்கள். ஒரு அண்ணன் அவற்றைத் தானே நேரில் கொண்டுவந்து, தாத்தாவின் கல்லறை எது என்று கேட்டார். காட்டினோம். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்களுக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது.

டீயும் களியும் கொடுத்துப் பார்த்துக்கொண்ட வீடுகளுக்கும், முட்புதர் வெட்டிப் பாதை விட்ட அண்ணன்மார்களுக்கும் நன்றி.

இன்னும் பெயர் தெரியாத மேடுகள் வடக்குச் சுவரோரம் இருக்கின்றன. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வரும்போது வீட்டுப் பெரியவர்களைக் கையோடு அழைத்து வாருங்கள். இதுவரை சேர்ந்த குடும்பக் குறிப்புகள் பங்கு அலுவலகத்தில் இருக்கும். உங்கள் வீட்டுப் பக்கத்தைப் பார்த்து, விட்டுப்போனதை எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
கல்லறைத் தோட்ட வரலாற்றுக் குழுவுக்காக, உங்களில் ஒருவர்