சிக்கை அவிழ்க்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்தித் தலைப்புகளில் ‘சிக்கல்’, ‘சிக்கினார்’ என்ற இரண்டு சொற்களும் படும் பாட்டைப் பார்த்து இதை எழுதுகிறோம். குடிநீர் வராவிட்டால் சிக்கல், கூட்டணிப் பேச்சு நீண்டால் சிக்கல், கஜானாவில் பணம் இல்லாவிட்டாலும் சிக்கல். ‘பிரச்சினை’ என்ற வடசொல்லை விலக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் அது இருந்த இடத்தையெல்லாம் ஒற்றைச் சொல்லால் அடைத்ததில் தட்டுப்பாடு, இழுபறி, நெருக்கடி மூன்றும் வேலையில்லாமல் நிற்கின்றன.

சிக்கு என்றால் என்ன என்பதைத் தலைமுடியில் பார்ப்பதே எளிது. இழைகள் வளைந்து, வளையத்துக்குள் வளையமாக நுழைந்து கிடக்கும். யாரும் கட்டியதல்ல, தொடக்கத்தில் அதில் முடிச்சு என்று ஒன்றும் இராது. அதனால்தான் சிக்கை ‘எடுக்கிறோம்’ என்கிறோம், ‘அவிழ்க்கிறோம்’ என்பதில்லை. எடுக்கும் முறையும் அப்படித்தான். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி இரண்டு மூன்று அங்குலமாக மேலே ஏற வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக வாரினால் வழியிலுள்ள சிறு சிடுக்குகள் எல்லாம் கீழே தள்ளப்பட்டு ஓரிடத்தில் குவியும். இன்னும் இழுத்தால் தளர்ந்து கிடந்த வளையங்கள் இறுகி நிஜமாகவே முடிச்சாகிவிடும். அப்புறம் கத்தரிக்கோல்தான். பல நாள் கவனியாமல் விட்டு, அழுக்கும் எண்ணெயும் ஏறி, இழை எது என்றே தெரியாமல் ஒட்டிப்போனால் அது சடை. சடையைச் சிக்கு என்று சொன்னால் எடுத்துவிடலாம் என்ற பொய் நம்பிக்கை வரும்.

நூலிலும் இதே கதை. பருத்தி நூலை வளையமாகச் சுற்றிய கட்டுக்குச் சிட்டா என்று பெயர், ஒரு சிட்டாவுக்கு 840 கெஜம். அது கலையாமலிருக்க இடையிடையே கட்டுநூல் போட்டிருப்பார்கள். ராட்டையில் மாட்டுவதற்கு முன்பே அதை அறுத்துவிட்டால் சிக்கு விழும். பதறிப்போய் கைக்கு வந்த முனையை இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. இரு கைகளுக்குள் விரித்து, மெல்ல உதறி, வளையங்களை ஒதுக்கித் தளர்த்தினால் முனை தானே வெளியே வரும்.

ஆகவே சிக்கு தளர்த்தினால் விடும், இழுத்தால் இறுகும். முடிச்சு பெரும்பாலும் ஒருவர் வேண்டுமென்றே போட்டது. எந்த முனை எதன் அடியில் போகிறது என்று கண்டுபிடித்தால் அவிழும். முறுக்கு என்பது ஒரே இழை தன்னைத்தானே திருகிக்கொண்டது. எதிர்ப்பக்கம் திருப்பினால் தீர்ந்தது. பின்னல் ஒழுங்கானது, போட்ட வரிசைக்குத் தலைகீழாகப் பிரித்துக்கொண்டே வரலாம். குழப்பம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அது குழம்பு, கலங்கிய நீர். அதில் பிடித்து இழுக்க இழையே கிடையாது, தெளியவிட வேண்டும். எனவே ‘சிக்கலை அவிழ்க்கப் பேச்சு’, ‘குழப்பத்துக்கு முடிச்சு அவிழ்ந்தது’ போன்ற தொடர்கள் காதுக்கு உறுத்துகின்றன. சிக்கலைத் தீர்க்கலாம், முடிச்சை அவிழ்க்கலாம், குழப்பம் தெளியும். கொலை வழக்கில் துப்புக் கிடைப்பதை ‘முடிச்சு அவிழ்ந்தது’ என்பது சரி, யாரோ போட்ட முடிச்சு அது. பத்து வாரிசுகள், மூன்று உயில், பட்டா ஒருவர் பெயரில், அனுபவம் இன்னொருவர் கையில் என்றால் அதுதான் அசல் சிக்கல்.

சிக்குக்கோலத்தைச் சுட்டி எங்களை மடக்க நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் பெயரில் மட்டும்தான் அதில் சிக்கு. வேலை முழுக்கப் பின்னல். புள்ளியைத் தொடாமல் சுற்றிவரும் கோடு, அதாவது கம்பி, தொடங்கிய இடத்திலேயே வந்து மூட வேண்டும். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே எல்லா இடத்திலும் கம்பி குறுக்கிட்டால் ஒரே கம்பியில் முடியும். 3 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி என்றால் 3 தனிக் கம்பிகள் வேண்டும். இவ்வளவு கணக்கு பேசும் ஒன்றைச் சிக்கு என்றது பார்க்கிறவர் கண்ணின் திகைப்பு.

வினைச்சொல்லுக்கு வருவோம். ‘விபத்தில் சிக்கிய 4 பேர்’ என்றால் அவர்கள் இறந்தார்களா, காயமடைந்தார்களா, வண்டிக்குள்ளேயே கிடக்கிறார்களா? இடிபாடுகளில், லிப்டில், வெள்ளத்தில் சிக்கியவர்கள் என்பது பொருத்தம். வெளியே வர முடியாத நிலை அதில் தெரிகிறது. ‘வழக்கில் சிக்கிய அதிகாரி’ இன்னும் மோசம். தீர்ப்பு வருமுன்னே அவரைக் குற்றவாளியாக்கும் தொனி அந்தச் சொல்லில் இருக்கிறது. ‘வழக்குப் பதியப்பட்ட அதிகாரி’ நீளம்தான், ஆனால் நேர்மை. ‘சோதனையில் சிக்கியது 2 லட்சம்’ என்று எழுதும்போது சிக்கியது ‘அகப்பட்டது’ என்பதைத் தாண்டிக் ‘கிடைத்தது’ என்றே ஆகிவிடுகிறது. கன்னடத்தில் ‘சிக்கித்து’ என்றாலே கிடைத்தது என்றுதான் பொருள். நமக்குப் ‘பிடிபட்டது’ இருக்கிறது.

‘மாட்டிக்கொள்’, ‘அகப்படு’ இரண்டையும் சிக்குக்குப் பதிலாக எங்கும் போட்டுவிடலாம் என்பதும் சரியல்ல. சட்டை ஆணியில் மாட்டும். பிடி ஒரே இடத்தில். செவுள்வலையில் தலையை நுழைத்த மீன் கண்ணி இறுகி மாட்டுகிறது. கரைவலை வளைத்த கூட்டம் உள்ளே அகப்படுகிறது, அகம் என்றால் உள். அறுந்த வலைத் துண்டில் சுற்றிச் சுற்றித் திணறும் ஆமைதான் சிக்கியது.

பழைய சொற்களும் சும்மா கிடக்கின்றன. ‘பிணங்கு’ என்பதற்கு முதலில் கொடிபோல் பின்னிக்கொள்வது என்றே பொருள், பிறகுதான் சண்டை. உடன்பிறந்தார் வழக்குக்குச் சிக்கலைவிடப் பிணக்கு எவ்வளவு கச்சிதம்! ‘அரில்’ பின்னிக்கிடக்கும் புதர். தொல்காப்பியப் பாயிரத்தில் ‘அரில்தபத் தெரிந்து’ என்று வரும்போது உரைகாரர்கள் அதைக் குற்றம் என்று கொள்கிறார்கள். அரிலைத் தலைப்பில் போடச் சொல்லவில்லை. இருவரைக் கோள்சொல்லி மோதவிடுவதற்குச் ‘சிண்டு முடிதல்’ இன்றும் ஊர்ப்பேச்சில் உயிரோடு இருக்கிறது, அதையாவது போடலாம்.

எழுத்து விஷயம் ஒன்று பாக்கி. ‘சிக்கு கோலம்’, ‘சிக்கலை தீர்க்க’, ‘சிக்கி கொண்டார்’ மூன்றும் ஒரே வாரத்தில் அச்சேறின. சிக்கு வன்தொடர்க் குற்றியலுகரம், பின்னால் வல்லினம் மிகும்: சிக்குக்கோலம். இரண்டாம் வேற்றுமை ஐ-க்குப் பின்னும் மிகும்: சிக்கலைத் தீர்க்க. மூன்றாவதை ஒரே சொல்லாகச் ‘சிக்கிக்கொண்டார்’ என்று எழுத வேண்டும். பிரித்து, ஒற்றையும் விட்டுவிட்டால் அவர் சிக்கிய பிறகு யாரையோ கொன்றார் என்றுகூட அவசரத்தில் கண் படிக்கிறது.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துவோர் சிலர்,
மதுரை