அண்ணா நகரில் குடியேறியிருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மதுரை அண்ணா நகரில் வீடு அமைந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததும், அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய உழவர் சந்தைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. காய்கறிக்குக் கைப்பேசிச் செயலியே போதும், பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தாய். கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிற உனக்கு அந்த வசதி தேவைதான். இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் காலையிலாவது அந்தச் சந்தைக்குப் போய், விளைவித்தவர் கையிலிருந்தே காய் வாங்கு என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை, 1999 நவம்பர் 14 அன்று, அப்போதைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதியால் உன் அண்ணா நகரில்தான் திறந்துவைக்கப்பட்டது. பஞ்சாபில் 1987 முதல் நடந்துவந்த ‘அப்னி மண்டி’யும், ஆந்திரத்தில் அதே 1999-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த ‘ரைத்து பஜார்’ சந்தையும் இதற்கு முன்னோடிகள். 2001-இல் ஆட்சி மாறிய பின் பல சந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2006-க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்று, இன்று மாநிலம் முழுவதும் 180-க்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கின்றன.

சந்தை நடக்கும் முறையை நீ தெரிந்துகொண்டால், அங்கே கொடுக்கும் பணத்தின் மதிப்பும் உனக்குப் புரியும். நிலத்தையும் பயிரையும் அதிகாரிகள் சரிபார்த்த பிறகு, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை உழவருக்கு வழங்கப்படுகிறது. அந்த அட்டை உள்ளவருக்கே கடை. கடைக்கு வாடகை கிடையாது, தராசையும் சந்தை நிர்வாகமே கொடுக்கிறது. நாள்தோறும் விடியற்காலையில் மொத்தச் சந்தை நிலவரத்தைக் கேட்டறிந்து, மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும் வெளிச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் அமையும்படி அன்றைய விலையை முடிவுசெய்து பலகையில் எழுதிவைக்கிறார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருசேர நன்மை தரும்படி ஓர் அரசு ஏற்பாடு இத்தனை எளிமையாக அமைவது அரிது என்பது என் எண்ணம்.

மொத்தச் சந்தையில் உழவரின் நிலை வேறு. கமிஷன் கடையில் மூட்டையை இறக்கிய நொடியிலிருந்து விலை அவர் கையில் இல்லை. ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை, தரகு எல்லாம் போக மிஞ்சுவதுதான் அவருக்கு. இந்திய ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, தக்காளிக்கு நாம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் உழவருக்குப் போய்ச்சேருவது ஏறத்தாழ 33 காசு என்றும், வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு என்றும் கணக்கிட்டது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நாடே அதைப் பற்றிப் பேசியது; அதே ஆண்டு செப்டம்பரில் பறிகூலிக்குக்கூடக் கட்டாத அளவுக்கு விலை விழுந்து, பல இடங்களில் பழத்தைச் செடியிலேயே விட்டபோது அந்தப் பேச்சில் பாதிகூட எழவில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் மதுரையில் வேலை பார்த்த ஆண்டுகளில், அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மாவிடம்தான் கீரை வாங்குவேன். முந்தின நாள் மாலையில் பிடுங்கி, வேர்மண்ணை அலசி, வாழைநாரால் கட்டி, ஈரச் சாக்கைப் போர்த்தி எடுத்துவருவார். சாக்கை விலக்கும்போது மண்வாசனை மூக்கில் ஏறும். சிறுகீரை விதைத்து 25 நாள் அளவில் பிடுங்கியாக வேண்டும், இரண்டு நாள் பிந்தினால் தண்டு முற்றிவிடும், பிடுங்கிவிட்டாலோ ஒரு பகல் வெயிலைக்கூடத் தாங்காது என்பதையெல்லாம் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். மஞ்சளையோ மிளகாய் வற்றலையோ விலை வரும்வரை இருப்பு வைக்கலாம். கீரைக்கும் வெண்டைக்கும் அந்த வழி இல்லை. அன்றைக்கே விற்றாக வேண்டும் என்பது வியாபாரிக்கும் தெரிவதால், மொத்தச் சந்தையில் கீரைக்காரரால் பேரம் பேச முடிவதில்லை. காலை ஒன்பது மணிக்குள் கட்டுகளை விற்று முடித்து, பணத்தைச் சுருக்குப்பையில் முடிந்துகொண்டு, தண்ணீர் பாய்ச்சும் நேரத்துக்கு அந்த அம்மா காட்டுக்குத் திரும்ப முடிந்தது என்றால், அதற்கு அந்தச் சந்தையும் அங்கே வந்து வாங்கியவர்களுமே காரணம்.

நமக்குக் கிடைப்பதும் கொஞ்சமல்ல. கீரையில் உள்ள வைட்டமின் சி பறித்த பின் வேகமாகக் குறைந்துகொண்டே போகும் என்பதால், முந்தின மாலை பிடுங்கிய கீரைக்கும், வண்டியிலும் கிடங்கிலும் இரண்டு மூன்று நாள் கிடந்த கீரைக்கும் வேறுபாடு ருசியோடு நின்றுவிடுவதில்லை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதை அங்கே செய்யாதே. நீ ஒடித்துப் போட்டதை வேறு யாரும் வாங்க மாட்டார்கள், காயைப் பார்த்தாலே பிஞ்சா முற்றலா என்று தெரிந்துவிடும். கத்தரியில் காம்பு பச்சையாகவும் முள் விறைப்பாகவும் இருக்கிறதா என்று பார். ஓரிரு காயில் புழுத் துளை இருந்தால் ஒதுக்கிவிடாமல், அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்கலாம். பளபளக்கும் காயையே நாம் தேடித் தேடி எடுப்பதும் உழவர் மருந்து தெளிப்பதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது.

பலகையில் எழுதிய விலைக்குக் கீழே பேரம் பேசாதே என்பதை நான் அழுத்தியே சொல்கிறேன். அந்த விலை ஏற்கெனவே உனக்குச் சாதகமாகக் குறைக்கப்பட்டதுதான். அதற்குமேல் நீ பிடுங்கும் ஐந்து ரூபாய், நாற்று வாங்கிய கடனிலிருந்தும் களையெடுத்தவரின் கூலியிலிருந்தும்தான் வர வேண்டும். குளிரூட்டிய கடையில் ஒட்டிய விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு, வெயிலில் நின்று விளைவித்தவரிடம் வாதாடுவது நியாயமாகாது.

எல்லாக் கடைகளிலும் உழவர்தான் உட்கார்ந்திருப்பார் என்றும் நான் சொல்லமாட்டேன். மொத்தச் சந்தையில் வாங்கிவந்து விற்கும் வியாபாரிகள் நுழைந்துவிடுகிறார்கள் என்பது நீண்டகாலக் குறை. உழவரிடம் பெரும்பாலும் இரண்டு மூன்று வகைக் காய்தான் இருக்கும், அவையும் ஒரே அளவில் இருக்காது. எந்த ஊர், என்றைக்குப் பறித்தது, அடுத்த பறிப்பு எப்போது என்று பேச்சுக் கொடுத்தால், விளைவித்தவர் தயங்காமல் பதில் சொல்வார்; அப்படி ஒருவரைக் கண்டுகொண்டால் வாரந்தோறும் அவரிடமே வாங்கு. வாடிக்கையாக வருபவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அடுத்த பாத்திக்கு அவர் விதை போடுவார்.

எட்டு மணிக்குள் போய்விடு, துணிப்பை இரண்டு எடுத்துக்கொள், சில்லறையும் வைத்துக்கொள். அங்கே கிடைப்பதை வைத்து அந்த வாரச் சமையலை முடிவுசெய்தால் தை மாதத்து மொச்சையும் அவரையும், சித்திரை வெள்ளரியும் மாங்காயும் அதனதன் பருவத்தில் உன் வீட்டுக்கு வந்துசேரும். தக்காளி மலிந்து கிடக்கும் வாரத்தில் ஒரு கிலோவோடு நிறுத்திக்கொள்ளாமல் நாலைந்து கிலோவாக வாங்கி, நல்லெண்ணெய் விட்டுத் தொக்காகக் கிளறி வைத்துக்கொள். விலை விழுந்த வாரத்தில்தான் உழவருக்கு நீ வாங்குவது மிகுதியும் உதவும், உனக்கும் அவசர வேலைநாட்களுக்கு அது கைகொடுக்கும். கத்தரியும் கொத்தவரையும் மலியும்போது வற்றல் போடு. உப்பு அளவையும் வெயிலில் காயவைக்கும் பக்குவத்தையும் அம்மாவிடம் கேட்டுக்கொள். மாப்பிள்ளையையும் பை தூக்க உடன் அழைத்துப் போ.

அன்புடன்,
அண்ணன்