அந்த மேடைத் தளத்தை அமைத்துத் தந்தவர்களுக்கு

உதகை, குன்னூர், கோத்தகிரி மக்களுக்கு வணக்கம்.

ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை பாலே நடனமாக ஊர் ஊராகக் கொண்டுபோகும் எங்கள் குழு, உதகையில் மூன்று நாள் ஆட்டத்தை முடித்திருக்கிறது. ஆடியவர்களுக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டது. அவர்கள் காலுக்கு அடியில் நடந்த வேலைக்காக இந்த மடல்.

முதல் வணக்கம் கோத்தகிரித் தச்சர்களுக்கு. பள்ளி அரங்கின் தரை சிமென்ட். அதில் குதித்தால் அதிர்ச்சி முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும்தான் போகும். ருஷ்ய நடன அமைப்பாளர் ஃபோகின் 1910-இல் பாரிசில் அமைத்த ‘ஷெஹரஸாத்’ தொட்டே இந்தக் கதைகளின் பாலேயில் தரையில் விழுவதும் புரள்வதும் உண்டு. அதனால் தளம் கொஞ்சம் அமுங்கி எழ வேண்டும். 40 அடிக்கு 32 அடி மேடை. அடியில் ரப்பர் துண்டுகள், மேலே குறுக்கும் நெடுக்குமாக ரீப்பர் மரச்சட்டங்கள், அதன்மேல் 12 மி.மீ. ப்ளைவுட் இரண்டு அடுக்கு. எட்டுக்கு நாலு பலகை, அடுக்குக்கு 40. மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு நேரே விழுந்தால் அந்தக் கோட்டில் தளம் பலவீனப்படும். ரீப்பர் தாங்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தாலோ அந்த இடம் கல்லாக இறுகிவிடும். இரண்டுக்கும் நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

முதலில் வந்த பலகைகளில் 11 ஈரம் குடித்து வளைந்திருந்தன. இரவோடு இரவாக மாற்றுப் பலகை தேடிக் கொண்டுவந்தீர்கள். பெரிய தச்சர் ஐயா ஒவ்வொரு திருகாணித் தலைமேலும் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் தட்டிய இடத்திலெல்லாம் மறுபடி முறுக்கினார். மேலே விரிக்கும் வினைல் விரிப்பு மெல்லியது, ஒரே ஒரு தலை நீட்டிக்கொண்டிருந்தாலும் கிழிந்துவிடும்.

வினைல், இரண்டு மீட்டர் அகலத்தில் ஐந்து சுருள். மலைக்குளிரில் அது விறைத்துப்போகும். விறைப்போடு ஒட்டினால் விளக்குச் சூட்டில் நீண்டு அலை அலையாக எழும்பும். முந்தின மாலையே விரித்து, இரவெல்லாம் படியவிட்டு, காலையில் ஒட்டுநாடா போட்ட இளைஞர்களுக்கு நன்றி.

சாயங்காலம் மூடுபனி இறங்கி, கூட்டத்தின் மூச்சும் சேர்ந்தால் குளிர்ந்த வினைல் வியர்க்கும். வழுக்காமல் இருக்கத் தூவும் ரோசின் என்ற பிசின் பொடியைக் கொட்டினால் போதும் என்று தோன்றும். ஈரத்தில் அது பிசுபிசுத்துச் சுழலும் பாதத்தைப் பிடித்து நிறுத்தும், முழங்கால் திருகிக்கொள்ளும். ஒவ்வொரு இடைவேளையிலும் பழைய வேட்டித் துணியால் துடைத்த நான்கு மாணவர்களே, அந்த மூன்று நாளும் யாரும் வழுக்கி விழவில்லை.

கால்விரல் நுனியில் நின்று ஆட அணியும் முனைக்காலணியின் நுனி துணியும் தாளும் பசையும் அடுக்கியது. நனைந்தால் இளகும், நேர்ச்சூட்டில் வைத்தாலும் கெடும். வர்க்கி சுடும் பேக்கரியில், அடுப்புக்கு எதிர்ச்சுவரில் கயிறு கட்டி இரவில் உலர்த்தித் தந்த அக்காவுக்கு மிக்க நன்றி. மேட்டுப்பாளையத்தில் சரக்கைச் சிறிய லாரிகளுக்கு மாற்றி, குன்னூர்ச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் காட்சித்திரைக்கு ஒரு கீறல் விழாமல் ஏற்றிய ஓட்டுநர் அண்ணன்மாருக்கும்.

பலகைகளைப் பள்ளியிடமே விட்டுவந்திருக்கிறோம். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். தரையில் படாமல் கட்டை கொடுத்து, படுக்கையாக அடுக்கி வையுங்கள்.