எமான்சிபேஷன் பூங்காவின் டோமினோ மேசைக்கு நன்றி

ஹூஸ்டன் நகரின் தேர்ட் வார்டு பகுதியில், எமான்சிபேஷன் பூங்காவில் டோமினோ ஆடும் பெரியவர்களுக்கு வணக்கம். இதை என் மகள் உங்களுக்கு ஆங்கிலத்தில் படித்துக் காட்டுவாள்.

வழிதவறி உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்த என் அப்பா நலம். சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். அன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய்த் தேடிய தமிழ்ச் சொந்தங்கள், வாட்ஸாப்பில் படத்தைப் பரப்பியவர்கள், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், அப்பாவின் சட்டைப்பையில் இருந்த சீட்டைப் பார்த்து எனக்குப் போன் செய்த பெண்மணி, எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் மனசு அந்த மேசையை விட்டு நகரவில்லை. டோமினோவில், புள்ளி போட்ட காயை மேசையில் ஓங்கி அறைவதுதான் பாதி சுகம் போலிருக்கிறது. பக்கத்து மேசைகளில் பட்டாசுச் சத்தம். முதல் காயை அறைந்ததுமே அப்பா திடுக்கிட்டாராம். அதன்பிறகு உங்கள் மேசையில் சத்தமே இல்லை. நான் ஓடிவந்தபோது வெள்ளைத் தொப்பி போட்ட ஐயா, ஜெயிக்கிற காயை இரண்டு விரலால் பிடித்துப் பூப்போல வைத்தார். வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

உங்கள் பேச்சு அப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. நீங்களும் துருவிக் கேட்கவில்லை, கையில் காய்களைக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டீர்கள். ஓரத்துப் புள்ளிகளைக் கூட்டினால் ஐந்தின் மடங்கு வரவேண்டும் என்பதை அவர் எப்படியோ பிடித்துவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். என் பெயர் சில நாள் மறந்துபோகும், கூட்டல் மறக்கவில்லை.

ஆட்டம் முடியட்டும் என்று எனக்கும் நாற்காலி போட்டீர்கள். இந்த மண்ணின் கதையைப் பக்கத்திலிருந்த அம்மா சொன்னது அப்போதுதான். 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில், அடிமைகளுக்கு விடுதலை என்ற ஆணை அறிவிக்கப்பட்டது. அந்த நாளைக் கொண்டாடச் சொந்தமாய் ஓர் இடம் வேண்டும் என்று, அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்கள் பாதிரியார் ஜாக் யேட்ஸ் முன்னின்று காசு திரட்டி, 1872-ல் வாங்கிய பத்து ஏக்கர் இது. பிறகு நகரசபைப் பூங்காக்களில் கறுப்பின மக்களுக்கு இது ஒன்றே திறந்திருந்த வருஷங்களும் உண்டு. நிம்மதியாக உட்கார ஓர் இடம் என்றால் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். வழிதவறி வந்த கிழவருக்கு அதை விலை கேட்காமல் கொடுத்தீர்கள்.

இனிச் சனிக்கிழமைதோறும் அப்பாவை அழைத்துவருகிறேன். வரும் ஜூன் 19-க்கு நீர்மோர் என் பொறுப்பு. பச்சைமிளகாய் குறைவாகவே போடுகிறேன்.