தவணை முடிவும் வேலியோரப் பொட்டலங்களும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தத் தவணையும் நல்லபடியாக முடிகிறது. குறுக்கோட்டத்தில் பரிசு வந்தது, திருக்குறள் போட்டியிலும் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். விளையாட்டு விழாவுக்குக் கூடாரம் போட்ட பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு நன்றி.

அப்புறம், ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓய்வு நேரத்தில் சிலர் வேலிக்கு மேலாகச் சாப்பாடு கொடுக்கிறீர்கள். பிள்ளை பசியோடு இருக்கக்கூடாது என்ற அக்கறைதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் போலிஸ்திரின் என்ற வெள்ளை நுரை நெகிழி டப்பாவில் மீ கோரிங், கயிறு கட்டிய பையில் சிராப் தண்ணீர் என்றுதான் எல்லாம் வருகிறது. மணி அடித்ததும் பாதி குடித்த பை வேலிக் கம்பியில் தொங்குகிறது, காற்றடித்தால் கால்வாயில். போன மழையில் அந்தக் கால்வாய் அடைத்து, முதலாம் ஆண்டு வகுப்பு வாசல்வரை தண்ணீர் ஏறியது. அள்ளிப்போட்ட டப்பாக்களில் கொசுப்புழு நெளிந்தது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். டெங்கி வந்த வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தக் குப்பையைக் கொல்லையில் கொளுத்திவிடலாமே என்று சிலர் கேட்டீர்கள். வேண்டாம். போலிஸ்திரின் எரியும் கரும்புகை இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது.

நம் சிலாங்கூர் மாநிலத்தில் 2017இல் நெகிழிப் பைக்கு 20 சென் கட்டணம் வந்தது. கொடுத்துவிட்டு வாங்கத்தான் செய்தோம்! ஆகவே பள்ளியில் கட்டணம் எதுவும் இல்லை, நேரே தடைதான். அடுத்த தவணை முதல் நாளிலிருந்து போலிஸ்திரின் டப்பாவும் பையில் கட்டிய பானமும் வாசலைத் தாண்டாது. பிள்ளை அழுதாலும் சரி, தாத்தா வந்து கேட்டாலும் சரி, காவலர் உள்ளே விடமாட்டார். சிற்றுண்டிச்சாலைக்கும் இதே விதிதான்.

புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் மங்கு, தூக்குச்சட்டி, மூடி சரியாக இருக்கும் பழைய டப்பா எதுவானாலும் போதும். காலை ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள் வெறும் டப்பாவைக் கடையில் நீட்டுங்கள். சந்திப்பில் நாசி லெமாக் விற்கும் அக்காவிடம் நானே கேட்டுவிட்டேன், அதிலேயே போட்டுத் தருகிறாராம். டப்பா, தண்ணீர்ப் போத்தல் வாங்கச் சிரமம் என்றால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், சங்கம் பார்த்துக்கொள்ளும்.

ஏற்கெனவே போத்தலும் டப்பாவும் கொடுத்தனுப்பும் பெற்றோர் பலர் இருக்கிறீர்கள். கால்வாயை அள்ள மண்வெட்டியோடு வந்து நின்றவர்களும் நீங்கள்தான். உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறையில் பிள்ளைகளோடு நலமாக இருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்