வெப்ப உணர்வுச் சோதனைக் கருவி: திரை சொல்வதைவிடத் தகடு கூடுதலாகச் சுடுகிறது

அனுப்புநர்: நரம்புப் பரிசோதனைக் கூடம், நீரிழிவுப் பாதப் பிரிவு
பெறுநர்: மேலாளர், சர்வீஸ் பிரிவு

ஐயா,

பாதத்தில் தகட்டை வைத்துச் சூட்டை ஏற்றி, நோயாளி சூட்டை உணர்ந்து பட்டனை அழுத்தும் அளவைப் பதிவு செய்யும் கருவியை உங்களிடம் வாங்கினோம். அதன் தகடு, திரையில் வரும் எண்ணைவிட அதிகமாகச் சுடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர் 32 டிகிரியில் மட்டும் பார்த்துவிட்டு, சரியாக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். சோதனை தொடங்கும் அந்த 32-இல் சரியாகத்தான் இருக்கும். சூடு ஏற ஏறத்தான் கோளாறு தெரியும்.

வெப்பத்தை அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியின் நுனியைத் தகட்டின் நடுவில் டேப் போட்டு ஒட்டி, காற்றுப் படாமல் மேலே துணியை மடித்து வைத்து, விநாடிக்கு 1 டிகிரி வீதம் ஏற்றினோம். திரையில் 36 வந்தபோது தகட்டில் 37.1. 40-க்கு 42.3. 45-க்கு 48.6. மூன்று தடவையும் ஏறத்தாழ இதே அளவுதான். இந்தக் கணக்கில், 50-இல் நிற்க வேண்டிய கருவி 55 வரை போகும்.

காரணமும் தெரிகிறது. தகட்டின் ஒரு ஓரம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறது. தகட்டின் சூட்டை அளக்கும் சென்சாரை ஒட்டியிருந்த பேஸ்ட் காய்ந்து வெள்ளைத் தூளாக உதிர்கிறது. இடையில் காற்று புகுந்துவிட்டதால் சென்சாருக்குச் சூடு முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. கன்ட்ரோலரோ சூடு போதவில்லை என்று மேலும் மேலும் ஏற்றுகிறது.

உணர்வுள்ளவர் சுட்டதும் காலை இழுத்துக்கொள்வார். பாதம் மரத்துப்போனவர் இழுக்கவும் மாட்டார், பட்டனை அழுத்தவும் மாட்டார். அவருக்கு, 50 டிகிரியில் கருவி தானாக நிற்கும் அந்த கட்-ஆஃப் ஒன்றுதான் காவல். நீரிழிவுக் காலில் ஒரு கொப்புளம் வந்தால் அது ஆறாத புண்ணாகிவிடலாம்.

புண்ணே வராவிட்டாலும் முடிவு தவறாகிறது. உண்மையில் 42.3-இல்தான் சூட்டை உணர்ந்தவருக்கு 40 என்று பதிவாகும். நோய் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். சூட்டை உணர்த்தும் மெல்லிய சி நரம்பிழைகளின் பழுது, தடித்த நரம்பிழைகளை மட்டும் அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனையில் தெரியாது. அதைப் பிடிக்கத்தானே இந்தக் கருவியை வாங்குகிறோம்!

எனவே, பேஸ்ட் பூசி ஒட்டித் தருவதை ஏற்கமாட்டோம். தகட்டுப் பகுதியையே முழுதாக மாற்றுங்கள். 32, 40, 45, 50 ஆகிய நான்கு அளவிலும் தகட்டின் மேற்பரப்பில் அளந்த சான்றிதழ் வேண்டும். கட்-ஆஃபுக்கென்று இரண்டாவது சென்சார் தனியாக இருக்க வேண்டும். பழுதான சென்சாரே காவலும் காக்க முடியாது. இதே பேட்ச் கருவி போயிருக்கும் மற்ற மருத்துவமனைகளுக்கும் இன்றே தெரிவியுங்கள்.

அளவுப் பதிவுகளும் தகட்டின் படங்களும் இணைப்பில் உள்ளன. கருவியை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பரிசோதனைக் கூடப் பணியாளர்கள்